பொறவு என்ன செஞ்சீரு, ஞானமுத்து?

தம்பிமாரே,

போன உபதேசியார் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து, "பண்டிகைக்கு நல்ல சாட்சி சொல்லுகிற ஆள் எங்கள் சபையில் கிடைப்பதில்லை, என்ன செய்வது?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு இருமல். பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். இருமல் இல்லாதிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், ஏனென்றால் கோபம் வந்துவிட்டது. கேட்டவர் பேரில் கோபமில்லை. "நல்ல சாட்சி" என்கிற அந்தச் சொல்லின் பேரில்தான் கோபம். இப்போது இருமலும் ஆறிவிட்டது, கோபமும் பெரும்பாலும் ஆறிவிட்டது. ஆகையால் எழுதுகிறேன்.

உபதேசியார் வேலை என்னவென்று பாளையங்கோட்டையில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பள்ளிக்கூடம் நடத்துவது, ஜெபம் நடத்துவது, காய்ச்சல்காரனைப் போய்ப் பார்ப்பது, குருவானவராகிய ஐயர் வண்டி கட்டி வருகிற நாளில் கோயிலைப் பெருக்கி வைப்பது, இதெல்லாம் நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மனுஷன் எழுந்து நின்று தன் கதையைத் தானே சொல்லுகிறபோது அவனுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதை நான் தாமிரபரணிக்குத் தென்கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஒரு சின்ன ஊரில் கற்றுக்கொண்டேன். செங்கோட்டைக்கு ரயில் ஓடத் தொடங்கிச் சில வருஷம் ஆகியிருந்தது. பெரிய யுத்தம் இன்னும் வரவில்லை.

அறுப்பு முடிந்து ஸ்தோத்திரப் பண்டிகை வரும். காலையில் ஆராதனை, அதில் சாட்சி. மத்தியானம் ஊர் முழுக்க ஒரே பந்தியில் சாப்பாடு. சாட்சி என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒருவர் எழுந்து, நான் முன்பு இப்படி இருந்தேன், ஆண்டவர் என்னை இப்படி மாற்றினார் என்று சபையார் முன்னால் சொல்ல வேண்டும். சொல்லுகிறவர் முன்பு எவ்வளவு கெட்டவரோ அவ்வளவு நல்ல சாட்சி. இதை யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. ஆனாலும் குடிகாரன் எழுந்தால் பாயில் இருக்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். யோக்கியன் எழுந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவார்கள்.

எங்கள் சபையில் வயதான கணக்கர் ஒருவர் இருந்தார். ஆயுசு பூராவும் ஒழுங்காக வாழ்ந்த மனுஷன். அவர் முறை வருகிற வருஷம், பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே என்னைத் தேடி வந்துவிட்டார்.

"உபதேசியாரே, ஒரு சங்கடம். நான் பெரிசா பாவம் ஒண்ணும் செய்யலியே. என்னத்தச் சொல்ல?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கடைசியில், சின்ன வயதில் மாமா தோப்பில் ஒரு தேங்காய் எடுத்ததை எப்படியோ ஞாபகப்படுத்திக்கொண்டு வந்து அழுதுகொண்டே சொன்னார். அந்த அழுகை தேங்காய்க்காக வந்ததல்ல என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு சின்னப் பாவத்தை வைத்துக்கொண்டு சபை முன்னால் நிற்கிறோமே என்ற வெட்கத்தில் வந்தது. சபையாரும் கொட்டாவி விட்டார்கள். இப்படி ஒரு கூத்து வேறு எந்தக் கூட்டத்தில் நடக்கும்?

ஞானமுத்துவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் நடந்தது விளங்கும். எனக்கு ஐயராக வேண்டும் என்று ஆசை. குருத்துவப் படிப்புக்கு ஆள் எடுத்தபோது என்னை எடுக்கவில்லை. என்னோடு படித்தவனை எடுத்தார்கள். அதற்குப் பிறகு என் கதையை யார் கேட்டாலும் நான் அங்கேயேதான் கொண்டுபோய் முடிப்பேன். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக்கூட அது தெரியும்.

ஒரு நாள் சுற்றுவட்டச் சபைகளெல்லாம் சேர்ந்த எங்கள் சேகரத்துக்குப் பெரியவரான ஐயரோடு பாளையங்கோட்டையிலிருந்து வண்டியில் ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். மூக்குப்பொடி போடுகிற மனுஷர், அதிகம் பேச மாட்டார். நான் என் கதையைத் தொடங்கினேன். எடுக்கவில்லை என்கிற இடம் வந்ததும் பெருமூச்சு விட்டு நிறுத்தினேன். எல்லாரும் அந்த இடத்தில் அடப்பாவமே என்பார்கள். ஐயர் பொடியை உறிஞ்சிவிட்டு, "பொறவு?" என்றார்.

"பொறவு என்ன ஐயா, இந்த ஊருக்கு அனுப்பிட்டாவ."

"பொறவு?"

"பள்ளிக்கூடம்னு ஒரு கொட்டகை இருந்துது. கூரை இல்ல. நான் வந்து கூரை போட்டேன்."

"பொறவு?"

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் கேட்கிறவர் ஐயர் ஆயிற்றே. கூரை போட்டது, பெண் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று நின்ற வீடுகளுக்கு நடையாய் நடந்தது, வெள்ளம் வந்த வருஷம் அந்தக் கூரைக்கடியில் ஊரே தங்கியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஊர் எல்லை வந்தபோது நான் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். ஐயர் இறங்கும்போது சொன்னார்:

"வே, பாதி வழியில வண்டி குடை சாஞ்சா தூக்கி நிறுத்திட்டு மேல போறதுதான் வழக்கம். நீரு போயிட்டுத்தான் இருக்கீரு. கதை மட்டும் குடை சாஞ்ச எடத்திலயே கெடக்கு."

அவ்வளவுதான். திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. எனக்கு அன்றைக்கு ராத்திரி வரை அவர் பேரில் கோபமிருந்தது. மறுநாள் இல்லை.

இப்போது ஞானமுத்துவுக்கு வருகிறேன். அவர் எங்கள் ஊரில் மாடு மேய்க்கிறவர். வயது நாற்பதுக்கு மேல். நெட்டையான ஆள், பேசினால் கணீரென்று கேட்கும் குரல். அவர் மனைவி பாக்கியம், மெலிந்த உடம்பு, கூர்மையான வாய். கல்யாண வயதில் ஒரு மகள். இந்த ஞானமுத்து வாலிபத்தில் மாட்டுக்களவு செய்தவர். அதை அவரே சொல்லித்தான் எல்லாருக்கும் தெரியும். வருஷா வருஷம் பண்டிகையில் அவர் சாட்சிதான் கடைசி. எனக்கு முன்னிருந்த உபதேசியார் எழுப்பிவிட்டார், நானும் எழுப்பிவிட்டேன். அதைக் கேட்கவே அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஜனங்கள் வருவார்கள்.

அவர் சொல்லுகிற விதம் அப்படி. வடகரையில் ஒரு விதவையின் தொழுவத்தில் ஜோடி மாடு. நுழைகிறார். கழுத்து மணி சத்தம் போடாமலிருக்க ஒவ்வொரு மணிக்குள்ளும் வைக்கோலைத் திணிக்கிறார். இந்த இடத்தில் இரண்டு விரலைக் குவித்துத் திணித்துக் காட்டுவார், கோயிலில் மூச்சுச் சத்தம் கேட்காது. மாட்டை ஆற்றில் இறக்குகிறார். நடு ஆற்றில் வெள்ளம் வந்துவிடுகிறது. மாட்டு வாலைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறார். களவாண்ட மாடே அவரை இழுத்துக் கரையில் போடுகிறது. கரையில் உட்கார்ந்து அழுது, மணியிலிருந்த வைக்கோலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு போய் விதவையிடமே விடுகிறார். அவள் சத்தம் போடாமல் ஒரு சட்டி கஞ்சி கொடுக்கிறாள். "அன்னைக்கே ஆண்டவர் என்னை மீட்டுக்கிட்டாரு" என்று சொல்லி உட்காருவார். வைக்கோல் திணிப்பதற்கு ஆகிற நேரத்தில் பாதிகூட அந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஆகாது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். ஒருவன் கழுத்தில் சிரட்டையைக் கட்டிக்கொண்டு மாடாவான், இன்னொருவன் ஞானமுத்து. அவரும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார். பாக்கியம் மட்டும் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் பண்டிகைக்குத் திசையன்விளையிலிருந்து கருப்பட்டி வியாபாரி ஒருவர் வந்திருந்தார். எங்கள் ஊரில் அவருக்கு உறவு உண்டு. அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் அழைப்பார்கள். புதிதாக வாங்கிய வெள்ளை மாடு ஜோடி, கழுத்தில் பித்தளை மணி, பார்க்கிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஞானமுத்துவின் சாட்சியை அண்ணாச்சி முன் பாயில் உட்கார்ந்து கேட்டார். வைக்கோல் திணிக்கிற இடத்தில் தொடையைத் தட்டிச் சிரித்தார், வெள்ளம் வருகிற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மத்தியானம் பந்தி நடந்துகொண்டிருந்தது. அண்ணாச்சியின் வண்டிக்காரன் ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, மாட்டக் காணோம். ரெண்டையும் காணோம்."

தம்பிமாரே, அதற்கடுத்த நொடியை நான் மறக்கவே மாட்டேன். ஒருவரும் பேர் சொல்லவில்லை. பந்தியில் இருந்த அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பி ஞானமுத்துவைத் தேடியது. அவர் பந்தியில் இல்லை. சமையலுக்குத் தண்ணீர் எடுக்க ஆற்றுக்குப் போயிருந்தார். எல்லாரும் தேடிக்கொண்டிருக்கும்போதே தலையில் குடத்தோடு, இடுப்புவரை நனைந்த வேட்டியோடு வந்து நின்றார். காலையில் கேட்ட கதையிலும் அவர் அப்படித்தான் நனைந்துகொண்டு கரையேறினார்.

அண்ணாச்சி எச்சில் கையோடு எழுந்தார்.

"காலையில வாயால சொன்னான், மத்தியானம் கையால செஞ்சிட்டான். ஏலே, எங்கலே எம் மாடு?"

ஞானமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. குடத்தை இறக்கி வைத்தார். சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்ததும் அவர் முகம் ஆராதனையில் சாட்சி சொல்ல எழுகிற முகமாக மாறியது. கையைக் கட்டிக்கொண்டார்.

"நான் மகா பாவி. களவு எங் கையில ஊறிப்போன ஒண்ணு. மாட்டு மணிக்குள்ள வைக்கோல..."

பந்தியில் ஒரு சலசலப்பு. ஒப்புக்கொண்டுவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். உங்களில் யாருக்காவது இது வேடிக்கையாக இருந்தால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பயந்துபோன மனுஷனுக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு கதைதான் இருந்தது. வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி நாக்கில் தடம் விழுந்துவிட்டது. நீ யார் என்று கேட்டதும் நாக்கு தானாக அந்தத் தடத்தில் ஓடியது.

பரிமாறிக்கொண்டிருந்த பாக்கியம் அகப்பையோடு வந்தாள்.

"அந்தப் பாட்ட நிறுத்துதியளா? அவிய கேக்குதது இன்னைக்குள்ள மாட்ட."

அண்ணாச்சி கேட்கிற நிலையில் இல்லை. ஸ்ரீவைகுண்டம் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புங்கள் என்றார். அந்தக் காலத்தில் பழைய மாட்டுக்கள்ளன் என்று ஒருவனைக் கொண்டுபோய் நிறுத்தினால் விசாரணை எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அடி முதலில், கேள்வி பிறகு. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வீடு வேறு. கோயில் மூப்பர் என் காதருகே வந்து, "உபதேசியாரே, ஒருவேளை பழைய புத்தி..." என்றார். சொல்லி முடிக்கவில்லை. எல்லாரும் இப்போது என்னைப் பார்த்தார்கள். உபதேசியார் ஒரு வார்த்தை சொன்னால் ஆள் போகும், சொல்லாவிட்டால் போகாது.

எனக்கு அப்போது தோன்றியதையெல்லாம் சொல்கிறேன். இவர் செய்திருக்க மாட்டார் என்று சத்தியம் பண்ணலாம். ஆனால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஜெபம் பண்ணலாம் என்று எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லலாம். கண்ணைத் திறக்கும்போது அண்ணாச்சி அங்கேயேதான் நிற்பார். நாலு பேரை மாடு தேட அனுப்பலாம். மாடு கிடைக்காவிட்டால் என்ன செய்வது? இன்னும் ஒன்று. மாடு கிடைத்தே விட்டாலும், இந்தத் தலைகள் திரும்பினது திரும்பினதுதான். அதை எந்த மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தும் சரிபண்ண முடியாது.

அந்த நேரத்தில் பொடி மணம் நாசியில் ஏறியதுபோல எனக்கு ஐயர் ஞாபகம் வந்தார். நான் ஞானமுத்துவின் முன்னால் போய் நின்றேன்.

"ஞானமுத்து, மாட்டத் திருப்பிக் கொடுத்தீரு. கஞ்சி குடிச்சீரு. பொறவு?"

அவர் விழித்தார். அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

"பொறவு ஒண்ணுமில்லியே உபதேசியாரே. சும்மாதான் இருந்தேன்."

"சும்மான்னா?"

"மாடு மேய்ச்சேன்."

"யாரு மாடு?"

"ஊர் மாடுதான்."

"பொறவு என்ன செஞ்சீரு?"

"என்ன செஞ்சேன்... கோமாரி வந்துதுல்லா, அந்த வருஷம் மாட்டுக்குக் காலக் கழுவி விட்டேன். பொறவு வெள்ளம். பொறவு..." என்று நிறுத்திவிட்டு, "இதெல்லாம் எதுக்கு?" என்று என்னையே கேட்டார். தான் சொல்லுகிறது ஒரு கதை என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

பாக்கியம் அகப்பையைக் கீழே வைத்தாள். அவள் சத்தம் போடவில்லை, அதனாலேயே எல்லாருக்கும் கேட்டது.

"இவிய களவாண்டது ஒரு மழைக்காலம். நான் இவியகூட குடித்தனம் பண்ணி, இன்னா, எம் மவ வளந்து நிக்கா. இத்தன வருஷத்த இவிய கோயில்ல ஒரு நாளும் சொன்னதில்ல. அந்த ஒரு மழைக்காலத்த மட்டும் சொல்லிச் சொல்லி, நான் என்னமோ நேத்துதான் கள்ளனக் கட்டிக்கிட்டு வந்தவ மாதிரி ஆக்கிட்டாவ."

அப்போது பெண்கள் பந்தியிலிருந்து ஒருத்தி எழுந்தாள். கோமாரி வருஷத்தில் தன் பசு வெள்ளச்சிக்கு ஞானமுத்துதான் வாய்க்குள் கைவிட்டு மருந்து தடவினார் என்றாள். தன் மாடு சாகக் கிடந்தபோது வீட்டு ஆட்களே தொழுவத்துக்குள் போகவில்லை, இவர்தான் போனார் என்றார் ஒருவர். வெள்ளத்தில் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்ததை இன்னொருவர் சொன்னார். ஒவ்வொருவரும் சொல்லும்போது தாங்களே அதை அப்போதுதான் கேட்பதுபோல ஒரு முகம். கடைசியில் என் காதில் பழைய புத்தி என்று சொன்ன மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் பசுவும் இவருகிட்டதான் மேயுது" என்றார்.

அண்ணாச்சி இதையெல்லாம் நின்று கேட்டார். கோபக்காரர்தான், ஆனால் வியாபாரி. யாரிடம் எதை நம்பி விடலாம் என்று பார்த்துப் பார்த்தே பிழைத்தவர்.

"ஊர் மாடு பூராவும் இவங்கிட்டயா நிக்கி?"

"ஆமா அண்ணாச்சி."

"இத்தன வருஷத்துல ஒண்ணாவது காணாம போயிருக்கா?"

மூப்பர் யோசித்தார். "இல்ல."

அண்ணாச்சி பந்தியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"அப்போ நீங்கல்லாம் எதுக்குவே இவரப் பாத்திய? நான் வெளியூர்க்காரன். காலையில கேட்டத வச்சுப் பாத்தேன். உங்களுக்கு என்ன வந்துது?"

எல்லாரும் சாப்பாட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புகிற பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. "வே, மாடு கெடைக்கித வரைக்கும் என் வண்டிய நீரு பாத்துக்கிடும்" என்று ஞானமுத்துவிடம் சொல்லிவிட்டு அண்ணாச்சி கை கழுவப் போனார். கவனித்தீர்களா, மாடு இன்னும் கிடைக்கவில்லை.

அது பிறகுதான் கிடைத்தது. ஆற்றங்கரை வாழைத்தோப்புக்காரர் இரண்டு வெள்ளை மாட்டையும் இழுத்துக்கொண்டு, ஊரையே ஏசிக்கொண்டு வந்து சேர்ந்தார். செம்மண் காட்டில் காய்ந்த சோளத்தட்டை தின்று வளர்ந்த மாடுகள், வண்டிக்காரன் சரியாகக் கட்டாத கயிற்றை உருவிக்கொண்டு நேரே வாழைக்குள் இறங்கிவிட்டன. ஒரு மாட்டின் வாயில் அப்போதும் பாதி இலை தொங்கிக்கொண்டிருந்தது. ஊரே சிரித்தது. அண்ணாச்சி தோப்புக்காரரைத் தனியே கூட்டிப்போய்ச் சமாதானம் பண்ணினார்.

ஞானமுத்து சிரிக்கவில்லை. வண்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த வாரக் கடைசியில் என்னிடம் வந்தார்.

"இனி நான் சாட்சி சொல்லல உபதேசியாரே. என் வாயாலயே என்னக் கட்டிப் போட்டுட்டேன்."

"சொல்லும். ஆனா பொறவுல இருந்து தொடங்கும்."

"அதுல என்ன இருக்கு? மாடு மேய்ச்சது, புல்லு அறுத்தது. ஆளுக தூங்கிருவாவ."

"தூங்கட்டும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். நான் அவரைக் களவை மறைக்கச் சொல்லவில்லை. இதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. மறைத்தால் அது வேறொரு பொய், அது இன்னொரு நாள் நனைந்த வேட்டியோடு வந்து நிற்கும். நடந்தது நடந்ததுதான், அதில் ஒன்றும் குறைக்க வேண்டாம். ஆனால் ஒரு ஆயுசில் ஒரு மழைக்காலத்துக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடம் கொடுத்தால் போதும். மற்ற வருஷங்களும் ஆண்டவர் கொடுத்ததுதானே? மீட்கப்பட்டேன் என்று சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துவிட்டால், மீட்கப்பட்டு என்ன செய்தாய் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. சொல்லுகிறவனுக்கே தெரியாமல் போய்விடுகிறது என்பதைத்தான் நான் பந்தியில் கண்ணால் பார்த்தேன்.

ஆகையால், நல்ல சாட்சி கிடைக்கவில்லை என்று அலையாதீர்கள். உங்கள் சபையில் எழுந்து நிற்கிறவர் யாராயிருந்தாலும், அவர் வழக்கமாக முடிக்கிற இடத்தில் "பொறவு?" என்று கேளுங்கள். எரிச்சல்படுவார். பரவாயில்லை, இன்னொரு தரம் கேளுங்கள். எங்கள் கணக்கரிடம் அப்படிக் கேட்டிருந்தால் அவர் அந்தத் தேங்காய்க்காக அழுதிருக்க வேண்டியதில்லை. ஊருக்கு எத்தனை வருஷம் நேர்மையாகக் கணக்கு எழுதினார் என்று சொல்லியிருப்பார், சிலர் கொட்டாவி விட்டிருப்பார்கள், அவர் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போயிருப்பார். அவருக்கு அதைச் செய்ய எனக்கு வாய்க்கவில்லை. உங்களுக்கு வாய்க்கும். உங்களைப் பற்றியும் நீங்கள் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலையில் சம்பளம் குறைவு, மனக்குறை அதிகம். ஐயராகாமல் போனவன் என்று நான் இப்போது யாரிடமும் சொல்லுவதில்லை. சொன்னாலும் நடுவில் ஒரு வரியாகத்தான் சொல்லுகிறேன், இதோ உங்களுக்குச் சொன்னதைப்போல.

மறு வருஷப் பண்டிகை வந்தது. அண்ணாச்சியும் அதே மாட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கயிற்றை இந்தத் தரம் அவரே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்குள் வந்தார். கடைசியாக ஞானமுத்து எழுந்தார். பிள்ளைகளெல்லாம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நான் வாலிபத்துல மாடு களவாண்டவன். ஆண்டவர் என்னை மன்னிச்சாரு. பொறவு இந்த ஊருக்கு மேய்ச்சலுக்கு வந்தேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பிள்ளைகளில் ஒருவன், "மணி... வைக்கோல்..." என்று முணுமுணுத்தான். அவன் தாய் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள். ஞானமுத்து முதல் வருஷம் மேய்த்த மாடுகளின் பேரைச் சொன்னார். எந்த மாடு முட்டும், எது முட்டாது என்று சொன்னார். மேய்ச்சல் இல்லாத கோடையில் தென்காடு வரை ஓட்டிப்போனதைச் சொன்னார். அவர் பயந்தபடியே பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கினார்கள். பெண்கள் பக்கத்தில் பாக்கியம் கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கோமாரி வருஷத்துக்கு வந்தார். எந்த வீட்டு மாட்டுக்கு முதலில் வாயில் புண் வந்தது என்று சொல்லத் தொடங்கினார்.

அப்போது வெளியே ஒரு மணிச் சத்தம் எழுந்து கடகடவென்று தெருக்கோடியை நோக்கி ஓடியது. யாருடைய மாடோ அவிழ்ந்துவிட்டது. கூட்டம் முழுக்க வாசலைத் திரும்பிப் பார்த்தது. தம்பிமாரே, நான் வாசலைப் பார்க்கவில்லை, தலைகளைத்தான் பார்த்தேன். ஞானமுத்துவின் பக்கம் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் அவர் அங்கே இல்லை. சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு, முதல் ஆளாக வெளியே ஓடியிருந்தார். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பதறி எழுந்தார். முன் பாயிலிருந்த அண்ணாச்சி அவர் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அதான் ஞானமுத்து போயிருக்காருல்லா. இரியும்வே."

நாங்கள் ஒரு பாட்டுப் பாடினோம். பாட்டு முடியும்போது அவர் வந்தார். மூச்சு வாங்கியது. முழங்காலில் சிராய்ப்பு. கையில் கயிற்றுத் துண்டு ஒன்று இருந்ததை அவரே கவனிக்கவில்லை. பழைய இடத்தில் வந்து நின்று, சபையாரைப் பார்த்து விழித்தார்.

"எங்கன விட்டேன்?"

பாக்கியம் வாயைத் திறப்பதற்குள் கோயிலே சேர்ந்து சொன்னது. பின்வரிசையில் தூங்கியவர்களும் சொன்னார்கள்.

"கோமாரி வந்த வருஷம்."